பின்பாரம்

மோட்டார் சைக்கிளில் தூரதேசப் பிரயாணம் புறப்படுகிறவனிடம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும் என்பது. இரண்டாவது, இடுப்பு வலிக்காதா என்பது. மூன்றாவதாக, வீட்டில் சம்மதித்துவிட்டார்களா என்று சற்றே குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். சாமான்களை எங்கே வைத்துக் கட்டப்போகிறாய் என்று கேட்டவர், இத்தனை வருஷங்களில் என் தாயார் ஒருவரே. அவர் ஆயுளில் மோட்டார் சைக்கிளைத் தொட்டவர் அல்லர். ஆயினும், பெருந்துறைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், மஞ்சள் மூட்டையும் பருத்திப் பொதியும் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போகும் மாட்டு வண்டிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். சில வருஷங்களுக்கு முன் நான் ஹம்பிக்குப் புறப்பட்ட விடியற்காலையில், என் புல்லட்டின் வாலில் நான் கோபுரம்போல் அடுக்கிக் கட்டியிருந்த மூட்டைகளை வாசற்படியில் நின்றபடி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது பின்பாரமா இருக்குதே, மூக்குத் தூக்காதா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு உரிய தண்டனை 400 கிலோமீட்டருக்கு அப்பால், சித்திரதுர்க்கத்துக்குச் சற்று முன்னால், எனக்காகக் காத்திருந்தது.

பின்பாரம் என்ற சொல்லை இன்றைய வாலிபர்களில் அநேகர் கேட்டிருக்க மாட்டார்கள். இரட்டை மாட்டு வண்டியில் அச்சுக்கு முன்னால் சுமை அதிகமானால் அது முன்பாரம். நுகத்தடி மாடுகளின் கழுத்தில் இறங்கி அழுத்தும். அச்சுக்குப் பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே கிளம்ப, பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை நாலு விரற்கடை முன்னே தள்ளு என்றோ பின்னே இழு என்றோ சொல்லிவிட்டுத்தான் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டுவார். பௌதிக சாஸ்திரத்தில் நெம்புகோலின் தத்துவம் என்று நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயம் அவர் கைக்கு நித்திய அனுபவமாக இருந்தது.

மோட்டார் சைக்கிளில் மாட்டின் ஸ்தானத்தில் முன் சக்கரம் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். என் வண்டியில் இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1,400 மில்லிமீட்டர். பின்னச்சுக்கு 350 மில்லிமீட்டர் பின்னால், அதாவது வால் விளக்குக்கு மேலே, 30 கிலோவைக் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதை 350-ஆல் பெருக்கி 1,400-ஆல் வகுத்தால் ஏழரை வரும். அந்த ஏழரைக் கிலோவும் முன் சக்கரத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வண்டியின் திசையைத் தீர்மானிப்பது முன் சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கு வேலையைச் செய்வதும் அதுவே. அந்தச் சக்கரம் ஏழரைக் கிலோ இளைத்துப்போய் ரோட்டைப் பிடித்தும் பிடிக்காமலும் ஓடும்போது, ஹேண்டில்பார் நம் கையில் தலையாட்டத் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தைத்தான் என் தாயார், கணக்கு ஒன்றும் போடாமலே, மூக்குத் தூக்குவது என்றார்.

ஏழரை என்ற எண்ணைக் கண்டு சிலர் வேறு அர்த்தம் செய்துகொள்ளக்கூடும். செய்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்று நான் மாட்டியிருந்த கேரியர் கடையில் வாங்கியது. எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பது இங்கே அநாவசியம். கருங்குவளை நிறத்தில் பளபளவென்று பூச்சு. பார்ப்பவர்கள் எல்லாரும் விலை கேட்டார்கள். திம்பம் மலையின் 27 கொண்டைஊசி வளைவுகளிலும் அது ஒரு முனகல்கூட எழுப்பாமல் வந்தது. மைசூர் தாண்டி, நாகமங்கலம் தாண்டி, ஹிரியூரில் பெரிய நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எண்பதைத் தொட்டபோது ஹேண்டில்பார் ஆடியது. காற்று என்று நினைத்தேன். மலைகளின் மேலே காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும் பிரதேசம் ஆகையால், காற்றின்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது. அடுத்த வேகத்தடையில், உலர்ந்த விறகை முறிப்பதுபோல் ஒரு சத்தம். கேரியரின் இடக்கால் ஒட்டின இடத்தில் விட்டுப்போய், மூட்டை முழுவதும் நம்பர் பிளேட்டின்மேல் சாய்ந்து, பின் டயரைத் தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கில் அரைக்கால் அங்குலம்.

டிராக்டர் டிரெய்லர்களுக்கு வெல்டிங் செய்யும் ஒரு கூரைப்பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குழாயும் உடையவில்லை, பற்றும் உடையவில்லை. பற்றுக்கு ஒட்டினாற்போல், சூட்டில் வெந்திருந்த அந்த மெல்லிய ஓரத்தில், வட்டமாகக் கீறல் ஓடியிருந்தது. கீறலின் பாதி பழுப்பேறித் துருப்பிடித்தும், பாதி வெள்ளி மாதிரிப் புதிதாகவும் இருந்தது. அதாவது, அது அன்றைக்கு உடைந்தது அல்ல. பல நாட்களாக உள்ளே கீறிக்கொண்டே வந்து, மிச்சத்தை அன்றைக்கு முடித்துக்கொண்டது. மேலே இருந்த கறுப்புப் பூச்சு அதை என் கண்ணுக்கு மறைத்திருந்தது. அவர் ஒரு இரும்புப் பட்டையை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்தார். நான் எனக்குத் தெரிந்த அரைக்கன்னடத்தில் நன்றி சொன்னபோது "தொந்தரெ இல்லா" என்று கையை அசைத்தார். பிறகு, நான் மறுபடியும் மூட்டையை வாலில் ஏற்றப்போவதைக் கண்டு, அதை என் கையிலிருந்து வாங்கி, பின் இருக்கையின்மேல் என் முதுகோடு ஒட்டினாற்போல் வைத்து, கயிற்றை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டு, இனிப் போகலாம் என்பதுபோல் தலையசைத்தார். எனக்குப் பின்பாரத்தைப் பற்றிச் சொன்ன இரண்டாவது ஆசாமி அவர்.

*

மூன்றாவது ஆசாமி எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருகிறவர்.

இருபது வருஷமாக அவரைத் தினந்தோறும் பார்க்கிறேன். ஹம்பியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அவருடைய வண்டியைப் பார்த்தேன். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50-இன் வம்சத்தில் வந்த ஒரு எக்ஸெல் மொபெட். அதன் இரண்டு பக்கமும் அலுமினியப் பால்கேன்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 40 லிட்டர் பிடிக்கும். பால் தண்ணீரைக் காட்டிலும் சற்றுக் கனமானது ஆகையால், இரண்டு கேனிலுமாக 80 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தோடு, மழை பெய்து குழம்பிய வண்டித்தடத்தில், ஒரு கையால் ஹாரனை அடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டிக்கொண்டு அவர் போகிறார். அவர் ஹேண்டில்பார் தலையாட்டி நான் கண்டதில்லை.

காரணம் அவருடைய ஸ்டாண்டில் இருந்தது. கேன்களின் அடிப்பாகம் சக்கரத்தின் அச்சு மட்டத்துக்கு இறங்கியிருந்தது. கேன்களின் மத்தி பின்னச்சுக்குப் பின்னால் போகவில்லை, நாலு விரற்கடை முன்னாலேயே இருந்தது. இரண்டு கேன்களையும் தாங்கும் வளையங்கள், சக்கரத்துக்குப் பின்புறமாகச் சுற்றிச் சென்ற ஒரு குறுக்குக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. நெட்டுக்கம்பிகளுக்கு இடையே சாய்வுக்கம்பி ஒன்று போட்டு எங்கும் முக்கோணமாக்கியிருந்தது. நான்கு கம்பிகளால் ஆன சதுரத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று கம்பிகளால் ஆன முக்கோணம், கம்பி வளைந்தாலன்றிச் சாயாது. ரயில் பாலங்களைக் கட்டியவர்கள் கைக்கொண்ட அதே நியாயம். ஒரு சாயங்காலம் அவரை நிறுத்தி விசாரித்தபோது, பாதி கேனோடு போவதைவிட முழு கேனோடு போவது சுலபம் என்றும் சொன்னார்: "நெறஞ்ச கேனு சும்மா இருக்குமுங்க. பாதிக் கேனுதான் உள்ள அலையடிச்சு ஆளை இழுக்கும்." ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தவர் கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்குப் பட்டறை என்பதை விளக்கவேண்டிய அவசியம் இல்லை. பம்ப் செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் லேத்தும் இந்த ஊரின் சுவாசம். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரு வீட்டில் சாம்பிராணி வாசனையும் அடுத்த வீட்டில் கட்டிங் ஆயில் வாசனையும் வரும். மேஸ்திரியின் பட்டறை ஒரு வேப்பமரமும் தகரக் கூரையும் மட்டுமே. அறுபதைத் தாண்டியவர், பால்கேன் ஸ்டாண்டு, காஸ் சிலிண்டர் ஸ்டாண்டு, குடம் விற்பவர்களுக்கான கூண்டு ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் அவர் மோட்டார் வண்டிக்குச் செய்ததில்லை. லடாக்குக்குப் போகப்போகிறேன், அதற்கு ஒரு கேரியர் வேண்டும் என்று நான் சொன்னதும், எந்த மாதிரி டிசைன் என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை கிலோவுங்க? ரோடு எப்படீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"உடைஞ்சா எது உடையோணும்னு மொதல்லயே சொல்லீருங்க. சேஸ் உடையோணுமா, ஸ்டாண்டு உடையோணுமா?"

உடையாத கேரியர் ஒன்றைச் செய்வதற்காக நான் வந்திருக்கிறேன். அவரோ அது உடையப்போகிற இடத்தை முதலில் நிச்சயித்துக்கொள்ளச் சொல்கிறார். யோசிக்க யோசிக்க அந்தக் கேள்வியின் விவேகம் எனக்கு விளங்கியது. மலைப்பாதையில் வண்டி விழாமல் இருக்காது. விழுந்தால் அந்த அடி எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். கேரியரை வண்டிச் சட்டத்தோடு நேரே பற்றவைத்துவிட்டால், அல்லது கேரியரை அநியாயத்துக்குக் கனமாகச் செய்துவிட்டால், அடி சட்டத்துக்குப் போகும். சட்டம் வளைந்தால் பிரயாணம் அங்கேயே முடிந்தது. ஆகவே, கேரியர் போல்ட் போட்டுத்தான் மாட்டப்படவேண்டும். அதன் கீழ்க்காலில் ஒரு சின்னக் கொண்டி, ஒரு நூல் கனமுள்ள பட்டையில், மற்ற எல்லாவற்றையும்விட இளைத்ததாக இருக்கவேண்டும். உடைவதானால் அது உடையட்டும். வீட்டில் மின்சாரக் கம்பிக்கு ஃபியூஸ் போடுவதும் இதுதான்.

*

முதல் இரண்டு நாட்கள் அளப்பதிலேயே கழிந்தன. அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பையின் வடிவங்கள் செய்து, அவற்றை வண்டியின் பக்கங்களில் கயிற்றால் கட்டிவிட்டு, என்னை ஏறி உட்காரச் சொன்னார். என் மனைவியைப் பின்னால் உட்காரச் சொன்னார். கிக்கரை உதைக்கச் சொன்னார். கால் எங்கே இடிக்கிறது, புகைபோக்கி எவ்வளவு சமீபத்தில் வருகிறது, செயினைத் தளர்த்தி இறுக்க ஸ்பானர் நுழையுமா, பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் கேரியரைக் கழற்றாமல் முடியுமா, இண்டிகேட்டர் விளக்கு மறையுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டார். பைகளோடு சேர்ந்த அகலம் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. முன்னால் நுழையும் சந்தில் பின்னாலும் நுழையவேண்டும் அல்லவா?

மாட்டுவதற்கான இடங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மட்கார்டு வெறும் தகடு. அது சேற்றைத் தாங்குமே தவிர மூட்டையைத் தாங்காது. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மில் எதையும் கட்டக்கூடாது. கட்டினால் ஸ்பிரிங்கின் பிரயோஜனம் கெட்டு, ஒவ்வொரு குழியும் மூட்டைக்கு நேரே சம்மட்டி அடியாகும். மிஞ்சுவது ஒரு பக்கத்துக்கு மூன்று இடங்கள்: ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், இருக்கைக்குக் கீழே சட்டத்தின் வால் பகுதியில் உள்ள போல்ட், பின் இருக்கைக்காரரின் கால்மிதிக்கு அருகிலுள்ள தாங்கி. முக்காலியின் மூன்று கால்களைப்போல் இந்த மூன்றும் தூர தூரமாக அமைந்திருப்பதால், கேரியர் முறுக்கிக்கொள்ள இடம் இல்லை. பழைய போல்ட்டுகளுக்குப் பதிலாக, தலையில் 8.8 என்று எண் பொறித்த நீளமான போல்ட்டுகளும், இடைவெளியை நிரப்பக் கடைந்தெடுத்த புஷ்களும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டுகளும் போட்டோம்.

குழாய்க்கு நான் எவர்சில்வர் என்றேன். துருப்பிடிக்காது, பார்வைக்கும் லட்சணம். மேஸ்திரி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "எவர்சில்வர் விட்டுப்போச்சுன்னா அதை ஒட்ட ஆள் தேடோணுங்க. இரும்புன்னா எந்த ஊர்லயும் ஒட்டுவான்." அலுமினியத்தின் கதை இன்னும் மோசம், இலேசானது என்பது உண்மையே ஆயினும், ஓயாத அதிர்வினால் உலோகத்துக்கு உண்டாகும் அலுப்பை இரும்பு ஓர் எல்லைவரை எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் சகித்துக்கொள்ளும், அலுமினியத்துக்கு அப்படி நிச்சயமான எல்லை கிடையாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் போடும் தாளத்தை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதென்று தெரியும். கடைசியில், முக்கால் அங்குலம் வெளிவிட்டமும் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர், கனமும் உள்ள சாதாரண இரும்புக் குழாய் வாங்கினோம். கடையில் 20 அடி நீளமாக விற்கிறார்கள். ஒரு முழு நீளம் 4 கிலோவுக்குச் சற்று மேல். அந்த ஒரு நீளத்திலேயே இரண்டு பக்கச் சட்டங்கள், குறுக்குக் கம்பி, சாய்வுக் கம்பிகள், இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன மேல்தட்டு எல்லாம் அடங்கின. கொண்டிகளும் சேர்ந்து 5 கிலோ.

குழாயை வளைத்த விதத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். குழாயை வெறுமனே வளைத்தால் வளைவில் சப்பையாகிவிடும். சப்பையான இடம் பலத்தில் பாதிக்கும் வராது. அதற்கு இன்று இயந்திரம் இருக்கிறது; மேஸ்திரியிடம் இல்லை. அவர் ஒரு வாணலியில் ஆற்றுமணலைப் போட்டு, வீட்டில் அம்மாக்கள் ரவை வறுப்பதுபோல் நிதானமாக வறுத்தார். எதற்கு என்று கேட்டேன். மணலில் ஈரம் இருந்தால், குழாயைச் சூடேற்றும்போது அது ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே தள்ளிவிடும் என்றார். அதை எப்படி அறிந்தார் என்பதற்கு அவருடைய இடது புருவத்தில் இருந்த தழும்பே பிரத்தியட்சப் பிரமாணம். ஆறிய மணலைப் புனல்வழியே குழாயில் ஊற்றி, ஒரு மரக்கொட்டாப்புளியால் பக்கங்களைத் தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனைகளிலும் வேப்பங்குச்சியைச் செதுக்கி அடைத்து, வளையவேண்டிய இடத்தை மட்டும் காஸ் நெருப்பில் மாதுளைமுத்து நிறம் வரும்வரை காட்டி, தரையில் அடித்திருந்த இரண்டு முளைகளுக்கு இடையே வைத்து ஒரே சீராக இழுத்தார். குழாய் வெண்ணெய்போல் வளைந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நெளிவு இல்லை. அடைப்பை எடுத்ததும் மணல் சரசரவென்று திரும்ப வாணலிக்குள் விழுந்த அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டார். வெல்டிங் மின்சாரம் வண்டியின் மின்சாதனங்களுக்குள் புகுந்து நாசம் செய்யாதிருக்க இது அவசியம். வண்டியின்மேலேயே வைத்துப் பொட்டுப் பொட்டாக ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு முழுவதையும் கழற்றிக் கீழே வைத்துத்தான் முழுப்பற்று போட்டார். ஒரு பக்கத்திலேயே தொடர்ந்து போட்டால் சூட்டில் சுருங்கி அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால், இங்கே ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டார். குழாயின் முனைகள் மற்றொரு குழாயின் முதுகில் இடுக்கின்றி உட்காரும்படி, முனையை மீன்வாய்போல் அராவியிருந்தார். பற்றின் மேட்டை கிரைண்டரால் வழித்து மழுமழுவென்று ஆக்கிவிடலாமே என்று நான் சொன்னபோது, அழகுக்காகச் சதையை அறுக்கச் சொல்லாதீர்கள் என்ற பாவனையில் ஒரு பார்வை பார்த்தார். மூடிய குழாய் ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை போட்டார். பற்றவைக்கும்போது உள்ளே சூடான காற்று வெளியேறவும், பிற்பாடு உள்ளே இறங்கும் மழைநீர் வடியவும் அந்த ஒரே துளை உதவுகிறது. பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று மட்டும் நான் பிடிவாதமாகச் சொன்னேன். சித்திரதுர்க்கத்துப் பாடம் அது. செங்காவி பிரைமரும், அதன்மேல் வெளிர்ச் சாம்பல் நிறப் பெயிண்டும் கையால் பூசினோம். கீறல் விழுந்தால் வெளிர் நிறத்தில் துருக்கோடு உடனே கண்ணில் படும்.

அரசாங்கச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பின்னால் உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பக்கத்தில் தடுப்பு இருக்கவேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. கேரியருக்காக அதைக் கழற்றி எறிவது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, மோட்டார் சைக்கிளில் வைக்கும் பெட்டி நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. அதைப் பின் இருக்கையில் வைத்தால் ஓட்டுகிறவரைத் தவிர வேறொருவர் ஏறக்கூடாது. நம்பர் பிளேட்டும் வால் விளக்கும் மறையக்கூடாது என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் கேரியரின் பக்கச் சட்டம் 380 மில்லிமீட்டர் நீளம், 260 உயரம். அதில் தொங்குபவை பெட்டிகள் அல்ல, கித்தான் பைகள். பெட்டிக்குப் பூட்டு உண்டு, உண்மையே. ஆனால் சேற்றில் வண்டி சாய்ந்து நம் கால் அடியில் அகப்பட்டுக்கொண்டால், கித்தான் பை காலுக்கு இடம் விடும், தகரப்பெட்டி விடாது.

*

அடுத்த ஜூன் மாதத்தில் புறப்பட்டேன். இந்த முறை என் தாயார் வாசற்படியை விட்டு இறங்கி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கனமான கருவிகளும் உதிரி சாமான்களும் பக்கப்பைகளின் அடியில், அச்சு மட்டத்தில், துணிமணிகள் அவற்றின்மேல், மேல்தட்டில் கூடாரமும் படுக்கைச் சுருளும் மட்டும், இரண்டும் சேர்ந்து 4 கிலோ, பழைய லாரி ட்யூபை வார்வாராக அறுத்துச் செய்த ரப்பர்க் கட்டு. பெட்ரோலுக்கான 5 லிட்டர் கேன்கள் இரண்டையும், டாங்கியின் இரண்டு தோள்களிலும் மேஸ்திரி அமைத்துக்கொடுத்த சின்ன வளையங்களில் மாட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் நிறைந்தால் ஏறத்தாழ 4 கிலோ, அது முன்பாரம். தராசில் நிறுத்து வலது பைக்கும் இடது பைக்கும் அரைக்கிலோ வித்தியாசத்துக்குள் கொண்டுவந்திருந்தேன். அவர் ஹேண்டில்பாரை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருநீறு இட்டார்.

சமவெளியில் 3,000 கிலோமீட்டர். வேகம் எண்பதில் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தேன்; ஆட்டம் இல்லை. மணாலிக்கு அப்பால், 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் புகுந்து, லாஹௌல் பள்ளத்தாக்கில் வெளிப்பட்டு, சந்திரா, பாகா நதிகள் சங்கமிக்கும் தாண்டி என்ற ஊரில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பிரசித்தமான பலகைக்கு அருகில் கேன்களை நிரப்பினேன். காட்டா வளைவுகள் 21. மோரே சமவெளியின் மணல். 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த தங்லங் லா கணவாயில் மூச்சு வாங்கியது எனக்கும் எஞ்சினுக்கும்தான், கேரியருக்கு அல்ல. ஒவ்வொரு நாள் காலையிலும் பத்து நிமிஷம் செலவழித்து, போல்ட்டுகளை ஸ்பானரால் தொட்டுப் பார்த்து, பற்றுகளைத் துணியால் துடைத்து, துருக்கோடு உண்டா என்று தேடுவதை ஒரு நித்திய கர்மமாகவே வைத்துக்கொண்டிருந்தேன். லே சேர்ந்த அன்று எல்லாம் சரியாகவே இருந்தது.

திரும்பும் வழியில் விழுந்தேன். பாரலாச்சா கணவாயிலிருந்து இறங்கும்போது, மத்தியானத்தில் பனி உருகிச் சாலையின் குறுக்கே பாயும் ஒரு நீரோட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத உருண்டைக்கல் ஒன்றின்மேல் முன் சக்கரம் ஏறி, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. பையின் அடியில் அகப்பட்ட காலை உருவிக்கொண்டு எழுந்தேன். எதிரே வந்த லாரியின் டிரைவரும் கிளீனரும் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். இடப்பக்கச் சட்டம் உள்ளே வளைந்திருந்தது. கீழ்க்கொண்டி, மேஸ்திரி நிச்சயித்த அந்த ஒரு நூல் பட்டை, நடுவில் இரண்டாகப் போயிருந்தது. வண்டிச் சட்டத்தில் ஒரு கீறலும் இல்லை. ரப்பர் வாரால் பையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கேலாங்குக்கு வந்து, லாரிகளுக்குத் தகரம் ஒட்டும் ஒரு கடையில் நின்றேன்.

கடைக்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இராது. அவன் வளைந்த குழாயை நகத்தால் சுரண்டி, பெயிண்டுக்குக் கீழே பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "லோஹா?"

லோஹாதான் என்றேன். நம்முடைய உலோகம் என்ற சொல்லுக்கு உறவான அந்தச் சொல்லைக் கேட்டதும், 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், வேப்பமரத்தடியில், எவர்சில்வர் வேண்டாம் என்று தலையாட்டிய அந்த மனிதர் என் மனக்கண்முன் வந்து நின்றார். அந்தப் பையன் சட்டத்தை நெருப்பில் காட்டி நிமிர்த்து, லாரித் தகட்டில் ஒரு துண்டு வெட்டிப் புதுக்கொண்டி ஒட்டிக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. 200 ரூபாய் வாங்கிக்கொண்டான். அந்தக் கொண்டியோடு மீதிப் பிரயாணம் முழுவதும் முடிந்து, கோயம்புத்தூர் வந்து சேர்ந்தபோது மொத்தம் 7,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வண்டியை மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பழைய பற்றுகளைப் பார்க்கவில்லை; நேரே குனிந்து புதுக்கொண்டியைத் தடவிப் பார்த்து, "செரியான எடத்துலதானுங்க விட்டிருக்குது" என்றார். பிறகு அந்தப் பையனின் பற்றைப் புகழ்ந்தார். மாற்றிப் போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கேலாங்குக் கொண்டி இன்னும் என் வண்டியில் இருக்கிறது.

இதை வாசிக்கும் அன்பர்களில் எவரேனும் தூரப் பிரயாணத்துக்குக் கேரியர் தேடிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். படங்களையும் விலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னால், ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, உங்கள் ஊர்ப் பால் சொசைட்டி வாசலில் போய் நில்லுங்கள். வந்து நிற்கும் வண்டிகளைக் குனிந்து பாருங்கள்: கேன் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அச்சுக்கு முன்னாலா பின்னாலா, குறுக்குக் கம்பி எங்கே போகிறது, பழைய பற்று எது, புதுப்பற்று எது. ஸ்டாண்டு அடித்தவர் யார் என்று மட்டும் அப்போது கேட்காதீர்கள். காலையில் அவர்களுக்குப் பால் திரிந்துவிடும் அவசரம். சாயங்காலம் கேட்டால் நின்று சொல்லுவார்கள்.